வானிலிருந்து நெல்லைச் சீமை: அரசு நிலப்படச் செயற்கைக்கோள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமிரபரணிப் பாசனப் பகுதியின் குளங்களையும் கால்வாய்களையும் செயற்கைக்கோள் படங்களில் தேடிப் பார்க்கப் பழக்குவது என் வேலைகளில் ஒன்று. பாசனதாரர்களும் கல்லூரி மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளும். சிலவற்றுக்குச் சில வரிகளே போதும்.

கைப்பேசி வரைபடத்தில் என் வீட்டு மாடியே தெரிகிறது. அப்படியிருக்க, மங்கலான படங்களை அரசுகள் ஏன் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கின்றன?

கைப்பேசியில் கூர்மையாகத் தெரிவது பெரும்பாலும் தனியார் செயற்கைக்கோள்களோ விமானங்களோ எடுத்த படம். அது எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அடுத்தடுத்த இரண்டு ஊர்களின் படங்கள் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவையாகக்கூட இருக்கும். வீட்டைக் கண்டுபிடிக்க அது போதும். ஆனால் 1990இல் பிசானம் என்னும் பின்பருவ நெல்லுக்கு எவ்வளவு நிலம் நடப்பட்டது, 2020இல் எவ்வளவு நடப்பட்டது என்று கேட்டால் அந்தப் படத்திடம் பதில் இல்லை.

அரசுக் கோள்களின் வேலை வேறு. ஒரே இடத்தை, ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே உயரத்திலிருந்து, சரிபார்க்கப்பட்ட ஒரே அளவுகோலில், ஆண்டுக்கணக்காக எடுத்துக்கொண்டே இருப்பது. அமெரிக்க அரசின் லேண்ட்சாட் நம் பகுதியைக் காலை பத்தரை மணி வாக்கில் கடக்கிறது. இந்த ஒழுங்கு இருப்பதால்தான் முப்பது ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது. கூர்மையைவிடத் தொடர்ச்சியே பெரிது என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பதில்களிலும் அது அடிக்கடி தலைகாட்டும்.

இது எப்போது தொடங்கியது?

வானிலிருந்து நிலத்தைப் படமெடுத்தது முதலில் உளவுக்காகத்தான். 1960 முதல் 1972 வரை அமெரிக்கா நடத்திய கொரோனா திட்டத்தில், படச்சுருளை ஒரு பேழையில் வைத்துக் கீழே அனுப்புவார்கள். அது பாராசூட்டில் இறங்கும்போதே விமானம் வந்து கொக்கியிட்டுப் பிடிக்கும். எட்டு லட்சத்துக்கும் அதிகமான அந்தப் படங்களின் ரகசியம் 1995இல்தான் விலக்கப்பட்டது.

பொதுமக்களுக்காக நிலத்தைப் படமெடுக்கும் எண்ணம் 1966இல் வெளிப்படையாக வந்தது. அமெரிக்க உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடாலும் அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவர் வில்லியம் பெக்கோராவும் நிலவளங்களைக் கண்காணிக்கத் தனிச் செயற்கைக்கோள் வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தார்கள். 1972 ஜூலை 23 அன்று நாசா அந்தக் கோளை ஏவியது. அப்போது புவிவளத் தொழில்நுட்பக் கோள் என்று பெயர். பின்னர் லேண்ட்சாட்-1 ஆனது.

அதில் இரண்டு கருவிகள் இருந்தன. முக்கியமானது என்று கருதப்பட்டது தொலைக்காட்சி வகைக் கேமரா. இரண்டாவது, ஹியூஸ் நிறுவனத்தில் வர்ஜீனியா நார்வுட் என்ற பொறியாளர் வடிவமைத்த பல்நிறமாலை வருடி. ஒரு கண்ணாடி நொடிக்குப் பதின்மூன்று முறைக்கு மேல் அசைந்து அசைந்து நிலத்தை வரிவரியாக வருடும். விண்வெளியில் அசையும் பாகம் நிலைக்குமா என்று பலர் ஐயப்பட்டார்கள். ஆனால் ஏவி இரண்டே வாரத்தில் மின்கோளாறால் நிறுத்தப்பட்டது அந்தக் கேமராதான். நார்வுட்டின் வருடி ஆண்டுக்கணக்கில் உழைத்தது. இன்று உலகம் முழுவதும் நிலத்தின் நிறமாலையை எண்களாகப் பதிவுசெய்யும் முறை அந்தக் கருவியிலிருந்தே கிளைத்தது. அந்த அம்மையார் 2023இல் காலமானார். அவர் பெயர் நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டும்.

லேண்ட்சாட்டின் முதல் படங்களின் காலத்தில் இன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மூன்றும் ஒரே மாவட்டம். படமும் அப்படித்தான். லேண்ட்சாட் படங்களுக்கு முகவரிபோல எண்ணிட 1982 முதல் பயன்பாட்டில் உள்ள கட்டமைப்பில் நம் பகுதிக்குப் பாதை 143, வரிசை 54. சுமார் 185 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் படச்சட்டத்தின் மையம் ஏறத்தாழத் தாமிரபரணியின் கீழ்ப்பாசனப் பகுதியில் விழுகிறது. குமரிமுனை, கோவில்பட்டி, தென்காசி, தூத்துக்குடி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

அந்தப் படங்கள் ஒருகாலத்தில் மிகுந்த விலைக்கு விற்கப்பட்டன என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்த வரலாற்றில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய பகுதி இதுதான்.

1984இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி லேண்ட்சாட்டை வணிகமயமாக்கியது. விற்பனை உரிமை இயோசாட் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. ஒரு படத்தின் விலை நான்காயிரம் டாலரைத் தாண்டியது. விலை ஏறியதும் வாங்குவோர் குறைந்தார்கள். வாங்குவோர் இல்லாத பகுதிகளைப் படமெடுப்பதும் குறைந்தது. 1989இல் பணமில்லை என்று லேண்ட்சாட் 4, 5 இரண்டையும் அணைத்துவிட உத்தரவே போனது. கடைசி நேரத்தில் நிதி கிடைத்துத் தப்பின. 1992இல் இன்னொரு சட்டம் வந்து திட்டம் மீண்டும் அரசின் கைக்குத் திரும்பியது. 1993இல் ஏவிய லேண்ட்சாட்-6 சுற்றுப்பாதையை எட்டவே இல்லை.

இவ்வளவு இடர்களுக்கு நடுவில் தொடர்ச்சி அறாமல் காத்தது லேண்ட்சாட்-5. 1984 மார்ச் 1 அன்று மூன்றாண்டு ஆயுளுக்கென்று ஏவப்பட்ட அது, 2013 வரை சுற்றியது. அந்த ஒரு கோள் இடையில் நின்றிருந்தால் 1990களின் பெரும்பகுதிக்கு உலகத்தின் நிலப்பதிவேட்டில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும்.

1999இல் வந்த லேண்ட்சாட்-7இன் படங்கள் 600 டாலருக்கு விற்கப்பட்டன. பிறகு 2008இல் முழுச் சேமிப்பையும் இலவசமாக்கினார்கள். அதற்குமுன் மிக அதிகமாக விற்ற ஓர் ஆண்டிலேயே சுமார் 25,000 படங்கள்தான் போயின. இலவசமானதும் சில நாட்களிலேயே அவ்வளவு படங்கள் இறங்கும் நிலை வந்தது. அதுவரை ஓர் ஆய்வாளர் இரண்டு படங்களை வாங்கி முன்னும் பின்னும் ஒப்பிடுவார். அதன்பின் நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கி, ஒவ்வொரு பிக்சலும், அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியும், ஆண்டுதோறும் எப்படி மாறியது என்று பார்க்க முடிந்தது. நம் ஊர்க் குளத்தின் நாற்பதாண்டுக் கதையை ஒரு கல்லூரி மாணவி காசில்லாமல் எழுத முடிவது அந்த ஒரு முடிவால்தான்.

இந்தியா எப்போது இறங்கியது?

செயற்கைக்கோள் இல்லாமலே இறங்கியது. 1970இல் பி. ஆர். பிஷாரடி தலைமையிலான குழு கேரளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்து, தென்னையின் வேர்வாடல் நோயை மரங்களின் நிறத்திலேயே அடையாளம் கண்டது. இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனால்தான். 1974இல் ஐதராபாத்தில் தேசியத் தொலையுணர்வு முகமை உருவாயிற்று. லேண்ட்சாட்டின் தரவை நேரடியாகப் பெற ஷாத்நகரில் தரைநிலையம் எழுந்தது. 1979இலும் 1981இலும் சோவியத் ராக்கெட்டுகளில் பாஸ்கரா-1, பாஸ்கரா-2 ஏறின. அவற்றின் கேமராவில் ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர்.

உண்மையான பாய்ச்சல் 1988 மார்ச் 17. அன்று பைக்கனூரிலிருந்து ஏறிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ, 72.5 மீட்டர், 36.25 மீட்டர் என்று இரண்டு அளவில் படம் எடுத்தது. 1995 டிசம்பரில் வந்த ஐ.ஆர்.எஸ்.-1சி 5.8 மீட்டர் வரை போனது. அந்த நேரத்தில் உலகில் எந்தக் குடிமைச் செயற்கைக்கோளிலும் அவ்வளவு நுணுக்கம் கிடையாது. அமெரிக்காவிலிருந்தே அதன் படங்களை வாங்கினார்கள். பிறகு 2003இல் ரிசோர்ஸ்சாட்-1, 2005இல் இரட்டைக் கேமராவால் மேடுபள்ளத்தையும் அளந்த கார்ட்டோசாட்-1, 2011இலும் 2016இலும் ரிசோர்ஸ்சாட்-2, 2ஏ என்று வரிசை நீண்டது. வயலுக்கும் காட்டுக்கும் நீர்நிலைக்கும் இவற்றில் பெரிதும் உழைப்பவை ரிசோர்ஸ்சாட் கோள்கள்தான். செய்தியில் அடிபடுபவை வேறு கோள்கள்.

படத்தில் நெல்வயல் ஏன் சிவப்பாக இருக்கிறது? கோளாறா?

கோளாறு இல்லை. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பச்சை இலை மிக வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. அந்த ஒளிக்குத் திரையில் சிவப்பு நிறம் கொடுப்பது வழக்கம். பயிர் எவ்வளவு செழிப்போ அவ்வளவு சிவப்பு. தெளிந்த நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் கறுப்பாகத் தெரியும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் நெல்லைச் சீமையின் படத்தைப் புத்தகம் போல் வாசிக்கலாம்.

மேற்கே பொதிகையும் களக்காடு–முண்டந்துறைக் காடும் ஆண்டு முழுவதும் அடர்சிவப்பு. அதன் மடியில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் கரும்புள்ளிகள். அங்கிருந்து கிழக்கே ஒரு சிவப்பு நாடா வளைந்து வளைந்து புன்னைக்காயல் வரை போகும். அது ஆறு அன்று. ஆற்றின் இருகரையிலும் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் நனைக்கும் வயல்கள். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஒவ்வொரு அணைக்கட்டின் ஆயக்கட்டும் எங்கே முடிகிறது என்பதை ஒரு நல்ல பிசானப் படத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டலாம். ஆனி, ஆடியில் கார் நடவு. அந்தப் பரப்பு சிறுத்திருக்கும். தை மாதப் படத்தில் பிசானம் அகன்று நிற்கும். பங்குனியில் அறுப்பு முடிந்ததும் சிவப்பு மறையும். தண்ணீர் வராத ஆண்டில் முதலில் வெளிறுவது கடைமடைதான். அதைப் பார்க்கும்போது மனம் கனத்துப் போகும்.

நாடாவை விட்டு விலகினால் நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரி நிலங்கள் சாம்பலும் வெளிர்பச்சையுமாக இருக்கும். சாத்தான்குளம், குதிரைமொழிப் பகுதிகளின் தேரி என்னும் செம்மணல் மேடு, நேரில் செக்கச்செவேலென்று இருந்தாலும் இந்தப் படத்தில் மஞ்சளாகத் தெரியும். மண்ணின் சிவப்பொளிக்குத் திரையில் பச்சை கொடுக்கப்படுகிறது; அதனுடன் அகச்சிவப்பும் கலப்பதால் வரும் மஞ்சள் அது. கடலோரத்தில் தூத்துக்குடி, ஆறுமுகநேரி உப்பளங்கள் கட்டம் கட்டமாக நிற்கும். குறிஞ்சி முதல் நெய்தல் வரை ஒரே சட்டத்தில் அமையும் இப்படி ஒரு நிலம் எங்கும் எளிதில் கிடைக்காது. வகுப்பில் ஐந்திணை நடத்தும் ஆசிரியர்கள் இந்தப் படத்தைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்று நான் எப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, எங்கள் ஊர்க் குளம் பத்து ஏக்கர்தான். அது தெரியுமா?

தெரியும். ஆனால் எந்தக் கோள், எந்தக் காலம் என்பதைப் பொறுத்தது.

தொடக்க கால லேண்ட்சாட்டில் ஒரு பிக்சல் சுமார் 80 மீட்டர். அதாவது ஒன்றரை ஏக்கர். உங்கள் குளம் அதில் ஆறேழு புள்ளிகள். குளம் இருக்கிறது என்று சொல்லலாம், நிறைந்திருக்கிறதா என்று சொல்வது கடினம். 1982க்குப் பிறகு 30 மீட்டர்; ஒரு பிக்சல் ஏறத்தாழ 22 சென்ட், குளத்துக்கு 45 புள்ளிகள். நிறைவது, வற்றுவது தெரிந்துவிடும். ஐரோப்பாவின் சென்டினல்-2 கோள்கள் 2015 முதல் 10 மீட்டரில் எடுக்கின்றன. ஒரு பிக்சல் இரண்டரை சென்ட், குளத்துக்கு 400 புள்ளிகள். இதில் நீர் விளிம்பு வாரவாரம் எப்படி உள்வாங்குகிறது என்பதையும் பின்தொடரலாம். விஜயநாராயணம் பெரிய குளம், மானூர் குளம் போன்ற பெரிய நீர்ப்பரப்புகள் எல்லாக் காலப் படங்களிலும் துலங்கும்.

தெரியாதது ஆழம். நீர் எவ்வளவு பரந்திருக்கிறது என்று படம் சொல்லும். அடியில் எவ்வளவு வண்டல் மேடிட்டிருக்கிறது என்று சொல்லாது. மடையும் மறுகாலும்கூட 30 மீட்டர் படத்தில் தெரியாது. குளத்தின் கொள்ளளவு குறைந்துவிட்டதா என்று அறிய, கோடையில் குளத்துக்குள் இறங்கி மட்டம் பார்த்தே ஆக வேண்டும்.

சீமைக் கருவேலம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்கலாமா?

கோடையில் பாருங்கள். வைகாசியில் புல்லும் புதரும் காய்ந்த பின்னும் கருவேலம் பச்சையாக நிற்கும். குளத்துக்குள் அப்போது சிவப்பு தெரிந்தால் சந்தேகப்படலாம். உடைமரத்தையும் பனைக்கூட்டத்தையும் பிரித்தறிய நேரில் போகாமல் முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் முழுக்க மேகம். குளம் நிரம்பும் நேரத்தில்தானே படம் வேண்டும்?

சரியான கேள்வி. ஒளியைப் பதிவுசெய்யும் கோள்களுக்கு மேகத்தின் கீழே இருப்பது தெரியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் பகுதியின் படங்களில் பெரும்பாலானவை வெறும் வெள்ளை. தென்மேற்குப் பருவத்திலோ மலைமுகடுகள் மறைந்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைமீறியது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு வெள்ளத்தில் சிக்கி நின்றது. எந்தத் தெரு மூழ்கியது, எந்த ஊர் துண்டிக்கப்பட்டது என்று தெரிய வேண்டிய அந்த மணி நேரங்களில் சாதாரணக் கேமராக் கோள்கள் குருடு.

அதற்குத்தான் ரேடார். ரேடார் கோள் தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவுசெய்கிறது. மேகமும் இரவும் அதைத் தடுக்காது. அமைதியான நீர்ப்பரப்பு அலையைக் கோளுக்குத் திருப்பாமல் மறுபுறம் தெறித்துவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். நடவுக்கு முன் தண்ணீர் கட்டிய வயல் கறுத்து, பயிர் வளர வளர வெளுப்பதைக் கொண்டு நெல் பரப்பையும் கணக்கிடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த வழியில் பல ஆண்டுகளாக நெல் பரப்பை மதிப்பிட்டு வருகிறது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-1 இரட்டை ரேடார் கோள்களில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதானது. மாற்றுக் கோள் ஏறியது 2024 டிசம்பரில். நம் வெள்ளம் அந்த இடைவெளிக்குள் வந்தது. இரண்டு கோள்கள் இருந்தால் ஆறு நாளுக்கு ஒரு முறை, ஒன்று மட்டும் என்றால் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை. இந்தியாவின் இ.ஓ.எஸ்.-04 ரேடார் கோள் 2022 முதல் மேலே இருக்கிறது என்பது ஆறுதல். ஆயினும் இரண்டே நாளில் வந்து போகும் வெள்ளத்துக்கு ஒன்றிரண்டு கோள்கள் போதா.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நைசார் ஏவப்பட்டது. ஒன்றில் சுமார் 24 சென்டிமீட்டர் அலை, மற்றொன்றில் அதைவிடக் குறுகிய அலை என்று இரண்டு ரேடார்கள். 12 மீட்டர் விட்டமுள்ள விரிகுடை ஆண்டெனா. 12 நாளுக்கு ஒரு முறை அதே இடம். நீண்ட அலை இலைதழையை ஊடுருவித் தண்டையும் மண்ணையும் தொட்டு வரும். தரை சில சென்டிமீட்டர் தாழ்ந்தாலும் தெரியும். குளக்கரை, ஆற்றங்கரை போன்ற மண்கரைகள் மெல்ல உட்காருவதை இதில் காண முடியுமா என்று நம் பகுதிப் பொறியியல் கல்லூரிகள் ஆய்வுசெய்து பார்க்க வேண்டும்.

பழைய படங்களில் குறுக்கே கறுப்புக் கோடுகள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்குப் படமே இல்லை. ஏன்?

கோடுகள் லேண்ட்சாட்-7 படத்தில் வருபவை. 2003 மே 31 அன்று அதன் வருடியில் ஒரு பாகம் பழுதாகி, ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 22 விழுக்காடு இழப்பு ஏற்பட்டது. நடுவில் கோடு இல்லை. ஓரத்துக்குப் போகப்போக அகலும். அதனால் தென்காசிப் பக்கம் பாதிப்பு அதிகம், தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் குறைவு.

1980களிலும் 90களிலும் படம் குறைவாக இருப்பதற்குக் காரணம் பல. லேண்ட்சாட்-5 படத்தைச் சேமித்து வைத்து அனுப்ப முடியாது. தரைநிலையம் கேட்டு வாங்கினால்தான் உண்டு. வணிகக் காலத்தில் எடுப்பதே குறைந்தது. மேகம் வேறு. இந்த ஆண்டுகளை நிரப்பக்கூடியவை நம் ஐ.ஆர்.எஸ். படங்கள். 1988இலிருந்து நம் நாடு எடுத்த ஒவ்வொரு நிலப்படமும், லேண்ட்சாட் படங்களைப் போலவே திருத்தி ஒழுங்குசெய்து, எந்தக் கிராமத்து மாணவரும் பதிவிறக்கும் வகையில் எளிதாகக் கிடைக்க வேண்டும். நம் வரிப்பணத்தில் எடுத்த நம் மண்ணின் பதிவு அது.

பக்கத்து வயல்காரருடன் வரப்புத் தகராறு. செயற்கைக்கோள் படம் உதவுமா?

உதவாது. அதற்குப் புலப்படமும் நில அளவரும்தான். குளத்தின் நீர்ப்பரப்பு எந்த ஆண்டில் சுருங்கியது, எந்த ஆண்டில் கட்டடம் முளைத்தது என்பதற்குப் பழைய படங்கள் வலுவான துணைச் சான்று. எல்லைக்கல்லுக்கு மாற்று ஆகா.

மகேந்திரகிரிக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் இதில் பங்கு உண்டா?

நிறைய உண்டு. பணகுடிக்கு அருகே மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில்தான் திரவ எந்திரங்களும் கிரையோஜெனிக் எந்திரங்களும் சோதிக்கப்படுகின்றன. ரிசோர்ஸ்சாட் வரிசையைச் சுமந்த பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது விகாஸ் என்ற திரவ எந்திரம். நைசாரைச் சுமந்த ஜி.எஸ்.எல்.வி.யின் மேல்கட்டம் கிரையோஜெனிக். அந்த மலையடிவாரத்தில் எழும் முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. நிலத்தைப் படமெடுக்கும் கோள்கள் துருவத்துக்குத் துருவம் சுற்ற வேண்டும். அதற்கு ராக்கெட் தெற்கே பாய வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கிடும். அதனால் கிழக்கே ஒதுங்கிப் பின் திரும்பும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேராகக் கடல்மீது போகலாம். 500 கிலோ வரை சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு இந்தச் சேமிப்பு மிகப் பெரியது.

இனி என்ன வரப்போகிறது?

இப்போது லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒரு முறை நம்மைக் கடக்கின்றன. லேண்ட்சாட்-8 ஏறியது 2013இல். அதன் வடிவமைப்பு ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. அடுத்து லேண்ட்சாட் நெக்ஸ்ட் என்ற பெயரில் மூன்று கோள்கள், 26 அலைப்பட்டைகள், ஆறு நாளுக்கு ஒரு முறை என்று திட்டமிட்டார்கள். 2025இல் அமெரிக்க அரசின் வரவு செலவு முன்மொழிவு அதைச் சுருக்கச் சொன்னது. ஐம்பதாண்டுப் பதிவேடு ஒரு நாட்டின் ஓராண்டு நிதிநிலையைச் சார்ந்து நிற்பது எனக்குக் கவலை தருகிறது.

நான் அதிகம் எதிர்பார்ப்பது வெப்பத்தை அளக்கும் கோள்களை. இஸ்ரோவும் பிரான்சின் விண்வெளி மையமும் சேர்ந்து உருவாக்கும் திரிஷ்ணா அப்படிப்பட்டது. ஐரோப்பாவும் தனியே ஒன்றைத் தயாரிக்கிறது. தண்ணீர் கிடைக்கும் பயிர் நீராவியை வெளிவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். கிடைக்காத பயிர் சூடேறும். இலை வாடுமுன்பே வயலின் வெப்பம் அதைக் காட்டிக்கொடுக்கும். கால்வாயில் இத்தனை கனஅடி திறந்தோம் என்ற கணக்குக்கும், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் கடைமடைக்கு உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அப்போது வரைபடமாகவே வைக்கலாம்.

கொள்கையிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2023இன் இந்திய விண்வெளிக் கொள்கை, ஒரு புள்ளி ஐந்து மீட்டரோ அதற்கு மேலோ உள்ள இஸ்ரோ படங்கள் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. அதே வேளையில் 2025இல் இந்தியத் தனியார் நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று 12 கோள்களை உருவாக்கத் தேர்வானது. தனியார் வரட்டும், கூர்மையும் வேகமும் கூடும். ஆனால் அரசின் தொடர்பதிவுக்கு அது மாற்றாகிவிடக் கூடாது. வாங்குவோர் இல்லாத நிலம் படமெடுக்கப்படாமல் போகும் என்பதை 1980கள் காட்டிவிட்டன. நம் மானாவாரிக் கிராமங்கள் எந்தக் காலத்திலும் நல்ல வாடிக்கையாளர்களாக இருந்ததில்லை.

நான் இன்றே பார்க்கத் தொடங்க வேண்டும் என்றால்?

முதலில், ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் வெளியிட்டுள்ள உலக மேற்பரப்பு நீர் வரைபடத்தைத் திறந்து உங்கள் ஊரைத் தேடுங்கள். 1984 முதலான லேண்ட்சாட் படங்களைக் கொண்டு, எந்த இடத்தில் எத்தனை விழுக்காடு காலம் நீர் நின்றது என்று அது காட்டும். எந்தப் பயிற்சியும் தேவையில்லை. அடுத்து, இஸ்ரோவின் புவன் தளம். 2009இல் தொடங்கியது, குளங்களும் நிலப்பயன்பாடும் அடுக்கடுக்காக உண்டு. ரிசோர்ஸ்சாட் படங்களைப் பதிவிறக்க பூநிதி, சென்டினலுக்கு கோப்பர்னிகஸ் தளம், லேண்ட்சாட்டுக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் தளம். பதிவுசெய்துகொண்டால் போதும், கட்டணம் கிடையாது. லேண்ட்சாட் கோப்பின் பெயரிலேயே 143054 என்ற எண்ணும் எடுத்த தேதியும் இருக்கும்.

மேகம் குறைந்த மாசி, பங்குனிப் படங்களில் தொடங்குங்கள். பத்தாண்டுக்கு ஒன்றாக நான்கு படங்கள் எடுத்து, அதே குளத்தை அதே மாதத்தில் ஒப்பிடுங்கள். கூடவே ஒரு நோட்டில் மறுகால் விழுந்த தேதி, மடை அடைத்த தேதி, நடவு, அறுப்பு ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் 1992 வெள்ளத்தில் எந்தக் கரை உடைந்தது, எதுவரை நீர் ஏறியது என்று கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் எழுதிய தேதி இருந்தால்தான் படத்தில் தெரியும் கறுப்பு குளத்து நீரா, நடவுக்குக் கட்டிய நீரா என்று உறுதியாகச் சொல்ல முடியும்.